இளம் வாசகரின் சுவையும் நமது விமர்சனமும்

இளைஞர் விரும்பிப் படிக்கும் நூலென்றாலே அதனை ஐயக்கண் கொண்டு நோக்குவது முற்போக்கு விமர்சகர் பலரிடம் ஊறிப்போன பழக்கமாகும். இலட்சக் கணக்கில் விற்பனை, அதனைத் தொடர்ந்து திரைப்படம், பின்னர் சட்டையிலும் புத்தகப் பையிலும் கதாநாயகியின் உருவம். இவற்றைக் கண்டதும், சந்தைச் சரக்கு என்று முடிவுகட்ட நூலைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டியதில்லை என அவர்கள் எண்ணிவிடுகின்றனர். சந்தையைப் பற்றி அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆனால், பதினான்கு வயதுச் சிறுமியொருத்தி இரவிரவாக விழித்திருந்து ஒரு நாவலைப் படித்து முடிக்கிறாளெனின், அவளை விழித்திருக்கச் செய்தது யாது என்ற வினா இலக்கியத்தைப் பற்றியது. அதற்கு விடைகூற வேண்டியவர் வியாபாரியல்லர், விமர்சகரே.

அமெரிக்க எழுத்தாளர் சுசான் கொலின்ஸ் 2008இல் வெளியிட்ட ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை எடுத்துக்கொள்வோம். வருங்கால வட அமெரிக்காவில் பனெம் என்றொரு நாடு. செல்வத்தில் திளைக்கும் தலைநகருக்காகப் பன்னிரண்டு மாவட்டங்கள் உழைக்கின்றன. முன்னொரு காலத்துக் கிளர்ச்சிக்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் களத்துக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் எஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்வதை நாடு முழுவதும் தொலைக்காட்சியிற் பார்க்க வேண்டும். நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்தில் தந்தையை இழந்த 16 வயதுக் கட்னிஸ், தங்கையின் பெயர் சீட்டில் விழுந்ததும் அவளுக்குப் பதிலாகத் தானே முன்வருகிறாள்.

இரத்தமும் விறுவிறுப்பும் நிறைந்த இக்கதையில் சமுதாய நோக்கு எங்கே உளது என்பர் சிலர். அந்தச் சீட்டிலேயே உளது என்போம். 12 வயதாகும் பிள்ளையின் பெயர் ஒரு முறை இடப்படும். ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி 18 வயதில் ஏழு முறையாகும். சட்டத்தின் முன் அனைவரும் சமம். ஆனால் வீட்டில் உணவில்லாத பிள்ளை தன் பெயரை மேலும் ஒரு முறை இட்டால், ஒருவருக்கு ஓராண்டுக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். குடும்பத்தில் எத்தனை வாயுண்டோ அத்தனை முறை இடலாம். இடப்பட்ட பெயர் அடுத்த ஆண்டிலும் நீங்காது. தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாகத் தானியம் பெற்ற கட்னிஸின் பெயர் 16 வயதில் 20 முறை கிடக்கிறது. ஐந்து பேருக்கு உணவு தேடும் அவளது நண்பன் கேலின் பெயர் 42 முறை. கடைக்காரர் பிள்ளைகளுக்கோ இந்தத் தேவையே எழுவதில்லை.

ஒப்பந்தம் சுதந்திரமானது; பசியே கையொப்பம் இடுவிக்கிறது. நாம் எத்தனையோ கட்டுரைகளில் விளக்க முயன்ற இவ்வுண்மையை, அந்தச் சிறுமி கதாநாயகிக்காக அஞ்சியவாறே கணக்கிட்டுப் பார்க்கிறாள். பட்டினி கிடக்கும் சுரங்கத் தொழிலாளரும் இரவுணவு உறுதியாகக் கிடைப்போரும் ஒருவரையொருவர் வெறுக்கவே இந்த ஏற்பாடு என்று கேல் காட்டில் நின்று குமுறும்போது, அவன் சொல்வது அவளுக்குப் புதிதாக இராது. சுவை இங்கே கசப்பு மருந்தின் மேற்பூசிய சர்க்கரையன்று. அறிவு உள்ளே புகும் வழியே அதுதான்.

இது வெறும் அனுமானமன்று. பன்னிரண்டாம் மாவட்டத்து மக்கள் கைதட்ட மறுத்து, மூன்று விரல்களை இதழில் வைத்து உயர்த்துகின்றனர். அன்புக்குரியவரை வழியனுப்பும் பழைய சைகை அது. 2014 மே மாதத்தில் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது எதிர்ப்பாளர் அச்சைகையையே காட்டினர். காட்டிய மாணவர் கைதாயினர். 2021இல் மியன்மார் மக்களும் அதனைக் கையாண்டனர். அவர்கள் அதனை நாவலிற் படித்தனரோ படத்திற் பார்த்தனரோ, எவ்வாறாயினும் பொழுதுபோக்கு என ஒதுக்கப்பட்ட ஒன்றிலிருந்தே பெற்றனர். அதே வேளையில், 2013இல் அமெரிக்க ஒப்பனைப் பொருள் நிறுவனமொன்று அக்கதையின் தலைநகரத்தார் பாணியிலே முகப்பூச்சுகளை விற்பனை செய்தது! சந்தைக்கு வெட்கமில்லை, ஆயினும் வாசகர் யாவரும் சந்தையின் சொற்படி படிப்பதில்லை.

ஆகவே நூலிற் குறையில்லை என்பது நமது கருத்தன்று. 2010இல் வந்த மூன்றாம் பாகம் ‘மொக்கிங்ஜே’ நம்மை உறுத்துகிறது. கிளர்ச்சித் தலைவி கொயின், வென்றபின் தலைநகரத்துப் பிள்ளைகளைக் கொண்டே மீண்டும் அதே விளையாட்டை நடத்த எண்ணுகிறாள். தலைமை கெட்டுப்போவதைக் காட்டியதற்காக ஆசிரியரைக் குறைகூற மாட்டோம். வரலாறு அதனை அறியும். நமது குறை வேறு. நெசவாலைத் தொழிலாளரின் எட்டாம் மாவட்டத்தில் முன்னின்று போரிட்ட பேலர் என்னும் பெண், தேர்தலில் நாட்டுத் தலைவியாகிறாள். இத்தனை பெரிய செய்தி, நடந்து முடிந்தபின், பிறர் வாய்மொழியாகப் போகிற போக்கிற் சொல்லப்படுகிறது. போரிட்ட மக்கள் கூடிப் பேசியதும் முடிவெடுத்ததும் கதைக்கு வெளியே நிகழ்கின்றன. கட்னிஸின் கண்ணொன்றினாலேயே அனைத்தையும் காட்டும் முறை முதற்பாகத்தின் வலிமை. இங்கே அதுவே எல்லையாகிவிடுகிறது.

மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் வளர்ந்த அஞ்சி தோமஸ் 2017இல் எழுதிய ‘தி ஹேற் யூ கிவ்’ இவ்வெல்லையைத் தாண்ட முயல்கிறது. 16 வயதுக் கறுப்பினப் பெண் ஸ்டாரின் கண்முன்னே அவளது நண்பன் கலீலைப் பொலிஸ்காரன் சுட்டுக் கொல்கிறான். கலீலின் தலைமயிர்த் தூரிகையைத் துப்பாக்கி என்று எண்ணியதாகக் கூறுகிறான். வறிய கறுப்பினக் குடியிருப்பில் ஒரு பேச்சு, வெள்ளையர் மிகுந்த தனியார் பாடசாலையில் வேறொரு பேச்சு என இரட்டை வாழ்வு வாழ்ந்த ஸ்டார், சாட்சி சொல்லும் குரலைத் தேடி அடைவதே கதை. அவளது குரலுக்குப் பின்னே ஒரு தெருவே நிற்கிறது: கடைக்காரத் தந்தை, பாட்டி, அயலார், கும்பல்களிற் சிக்கிய இளைஞர். தந்தை பிள்ளைகளுக்குக் கருஞ்சிறுத்தைக் கட்சியின் பத்து அம்சத் திட்டத்தை மனனம் செய்விக்கும் பகுதி எவ்வளவு இயல்பான நகைச்சுவையோடு அமைந்துளது! இந்நூலையும் அமெரிக்கப் பாடசாலைகள் சில நூலகத்திலிருந்து அகற்றின. அகற்றியோர் இதனைப் பொழுதுபோக்கென அலட்சியப்படுத்தவில்லை என்பதை நம் விமர்சகர் கவனிப்பாராக.

இத்தகைய நூலொன்று மாணவர் கையில் அகப்படும்போது ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய தீங்கு, அதன் படிப்பினை யாதெனப் பத்து வரிகளில் எழுதப் பணிப்பதாகும். கேலின் பெயர் 42 முறை வந்தது எவ்வாறு என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஆறு, ஏழு ஆண்டுகள் என்று வகுப்பிற் பலர் உடனே சொல்லிவிடுவர். பேலரின் தேர்தல் ஏன் கதைக்கு வெளியே நடந்தது என்பதை அதன் பின்னர் கேட்கலாம்.