தேர்வுக்கூடத்தில் இரணியன்

பிரான்ஸ் நாட்டுப் பள்ளி மாணவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்புவரை ‘பொந்திஷேரி’ என்றால் ஒரு வினாத்தாள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில், பள்ளியிறுதித் தேர்வான பக்கலோரியா அப்போதெல்லாம் ஏப்ரலிலேயே நடந்துவிட்டது. பாரிசில் ஜூன் மாதம்தான். ஆண்டின் முதல் வினாத்தாள் பெரும்பாலும் புதுச்சேரியிலிருந்து வந்ததால், அதை வைத்துத்தான் அங்கே பிள்ளைகள் பயிற்சி எடுத்தார்கள்.

1826இல் தொடங்கிய அந்தப் பள்ளியிலிருந்து நடந்து போகும் தொலைவில், பெருமாள் கோயில் தெருவில், பாரதிதாசன் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் வேலைக்குச் சேர்ந்து, 1946 வரை பிரெஞ்சு ஆட்சியில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவர். சமூகத்தைச் சாடும் நாடகங்களை எழுதியவரே பள்ளி வாத்தியாராகவும் இருந்த ஊர் இது. இங்கே நாடகத்தைத் தேர்வுக்கு எப்படிப் படிக்கிறார்கள்?

முதலில் லிசேயின் வழி. 2019 சீர்திருத்தத்துக்குப் பின், பிரெஞ்சு இலக்கிய வாய்மொழித் தேர்வில் மாணவர் தரப்பட்ட பகுதியை உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். பிறகு வரிவரியாக விளக்க வேண்டும். வாசிப்புக்கு 2, விளக்கத்துக்கு 8, இலக்கணத்துக்கு 2, நூல் பற்றிய உரையாடலுக்கு 8 என மொத்தம் 20 மதிப்பெண். அந்த முதல் இரண்டு மதிப்பெண் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குரல் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியாதவர் நாடகத்தைப் படித்துக்காட்ட முடியாது. புதிய முறையின் முதல் ஆண்டுப் பட்டியலில் போமார்ஷேயின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ இருந்தது. மன்னர் பதினாறாம் லூயி தடுத்து வைத்ததால், 1784இல்தான் பொதுமேடை ஏறிய நாடகம். ஐந்தாம் அங்கத்தில் வேலைக்காரன் ஃபிகாரோ இருட்டில் தனியே நின்று, பிறப்பால் வந்த பெருமையைக் கிழிக்கிறான். எசமான் எதிரே இல்லாதபோதுதான் அவனால் அவ்வளவு நேரம் பேச முடிகிறது. மாணவர் அதைக் கவனித்துவிட்டால் ‘வர்க்க வேறுபாடு’ என்று தனியாக ஒரு தலைப்புப் போட வேண்டியதில்லை.

குறையும் உண்டு. வீட்டில் தமிழ் பேசிவிட்டு லிசேக்கு வரும் பிள்ளை, வேலைக்காரன் ஃபிகாரோவின் கோபத்தை நுணுக்கமாக அறிகிறது. தன் மண்ணின் நந்தனுடைய கோபம் அந்தத் தேர்வுப் பட்டியலில் இல்லை.

தமிழ் வகுப்பில் நிலைமை தலைகீழ். பெயர்கள் நம்முடையவை, கேள்விகள் வறண்டவை. நெடுவினா வரும், குறிப்புச்சட்டம் போட வேண்டும், முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடிக்க வேண்டும். இடையில் கதைச்சுருக்கமும் ‘ஆசிரியர் உணர்த்தும் கருத்து’ம். நோட்ஸில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். மனோன்மணீயம் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்தும், அதன் ஒரு காட்சியை வாய்விட்டுப் பேசிப் பார்த்த மாணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ இந்த அச்சுக்குள் அடங்காது. 1934இல் பெரியார் தலைமையில் சென்னையில் அரங்கேறியது. அதைப் பார்க்க வந்தவர்களுக்குப் பிரகலாதன் கதை மனப்பாடம். தூண் எப்போது பிளக்கும் என்று காத்திருந்தவர்கள் முன்னால், இரணியனைத் தமிழ் மன்னனாக, சூழ்ச்சிக்குப் பலியாகும் வீரனாக நிறுத்தினார் கவிஞர். நாடகத்தின் வலிமை முழுவதும் பார்ப்பவருக்கு முன்பே தெரிந்த கதையோடு அது மோதுவதில் இருக்கிறது. இதை விட்டுவிட்டு ‘பகுத்தறிவுக் கருத்துகள்’ என்று ஐந்து வரி எழுதினால் நாடகம் காணாமல் போகும். இன்னொன்றையும் மாணவர்கள் கேட்க வேண்டும். பிரகலாதனை மயக்கச் சித்திரபானு என்ற பெண் ஏவப்படுகிறாள். பெண் விடுதலையை அவ்வளவு உரக்கப் பாடிய கவிஞர், இங்கே பெண்ணைத் தூண்டிலாக வைத்தது ஏன்? ஆரியர், தமிழர் என்ற பிரிவை அவர் வரையும் விதத்தை ஏற்காதவர் அதைக் காரணத்தோடு மறுத்து எழுதினால் மதிப்பெண் உண்டா? விடைக்குறிப்பில் இதற்கெல்லாம் இடமில்லை என்பதால்தான் இத்தகைய நாடகங்களைப் பள்ளிகள் நெருங்குவதில்லை என்று நினைக்கிறேன்.

அத்தகைய நாடகங்களை எழுதியவர்கள் இங்கே வேறும் உண்டு. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, 1922இல் இந்த ஊரில் மறைந்து கருவடிக்குப்பத்தில் அடக்கமான நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரில் அமைந்தது. அங்கே பணியாற்றியவர்களில் இருவர், சமூக விமர்சன நாடகத்தில் தமிழுக்கே முக்கியமானவர்கள். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ பக்திக் கதையைச் சாதிக் கொலையாகத் திருப்பிப் படித்தது. கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ தலித் அரங்கின் முன்னோடிப் படைப்பு. பலிக்குரிய ஆள் மாறி மாறிக் கடைசியில் அந்தச் சுமை ஒரு தலித் பெண்ணின்மேல் விழுகிறது. ‘சாதிக் கொடுமையைச் சாடுகிறது’ என்று விடை எழுதும் மாணவர் பாதி நாடகத்தைத்தான் படித்திருக்கிறார். ஒடுக்கப்பட்டவருக்குள்ளும் ஒடுக்கப்பட்டவள் இருக்கிறாள் என்பதை மேடையில் நடக்கும் ஆள்மாற்றம்தான் சொல்கிறது.

மனப்பாடம் செய்து எழுதுவதில் இங்கிலாந்திலும் நிலைமை பெரிதாக வேறல்ல. ஜே.பி. பிரீஸ்ட்லியின் ‘ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார்’ அங்கே பதினாறு வயதுத் தேர்வில் பரவலாக உள்ள நாடகம். நூலைப் பார்க்காமல் எழுத வேண்டியிருப்பதால் பிள்ளைகள் மேற்கோள்களை உருப்போடுகிறார்கள். இலங்கை ஒரு படி மேலே போயிருக்கிறது: ‘நாடகமும் அரங்கியலும்’ அங்கே உயர்தரத் தேர்வுக்குத் தனிப் பாடம். போர்ச்சூழலில் ‘மண் சுமந்த மேனியர்’ எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் வகுப்பையும் அரங்கையும் பிரிக்காமல் உழைத்ததன் பலன் அது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறியிருக்கின்றன. தமிழுக்கு என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது; எனக்கும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 20 அகமதிப்பீட்டுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். அந்த 20இல் ஐந்தையாவது, ஒரு காட்சியை உரக்கப் படித்து இரண்டு கேள்விகளுக்கு நின்று பதில் சொல்வதற்கு ஒதுக்கலாம். லிசேயின் தேர்வுமுறை பக்கத்துத் தெருவில் இருக்கிறது, நாடகம் கற்றவர்கள் காலாப்பட்டிலிருந்து வருவார்கள். தமிழாசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். முதல் காட்சியாக இரணியனையே எடுத்துக்கொள்ளலாம்.