ஒன்றரை ஷிப்ட் பார்த்தவருக்கு ஆப்சென்ட்: ஃப்ராப்பே ஹெச்ஆர் மென்பொருளை ஒரு பனியன் யூனிட்டின் கணக்கில் ஓட்டிப் பார்த்தபோது

வருகைப் பதிவு மென்பொருள் விற்க வருகிறவர் முதலில் காட்டுவது, தாமதமாக வருகிறவரை அது எப்படிப் பிடிக்கும் என்பதைத்தான். வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முழுநாள் வேலை பார்த்த ஒருவரை இது தவறுதலாக விட்டுவிட்டால், அது யாருக்கு, எப்போது தெரியும்? சம்பளக் கவர் கைக்கு வந்த பிறகா, அதற்கு முன்பா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஃப்ராப்பே ஹெச்ஆர் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன்.

என்ன பொருள்?

மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் திறமூல மென்பொருள் இது. முதலில் அவர்களுடைய இஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன நிர்வாக மென்பொருளுக்குள் ஒரு பகுதியாக இருந்தது. 2022-இல் வெளிவந்த 14-ஆம் பதிப்போடு தனிச் செயலியாகப் பிரிந்தது. ஜிபிஎல் உரிமத்தில் கிடைப்பதால் மென்பொருளுக்குக் காசில்லை. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், அல்லது அவர்களுடைய கிளவுடில் மாத வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். சொந்தமாக நிறுவ லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். இலவசம் என்ற சொல்லுக்குள் அந்த ஆளின் சம்பளம் அடங்காது.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது திருப்பூர்ப் பாணிக் கணக்கு. அதைவிடக் கடினமான பரீட்சை எனக்குத் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் பவர் டேபிள் டெய்லருக்கு பீஸ் ரேட், செக்கிங் பெண்களுக்கும் கைமடி உதவியாளர்களுக்கும் ஷிப்ட் கூலி, ஆபீஸ் ஆட்களுக்கு மாதச் சம்பளம். காலை 8:30 முதல் மாலை 5:30 வரை ஒரு ஷிப்ட். ஆர்டர் நெருக்கினால் இரவு 8:30 வரை இருந்து ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை பட்டுவாடா. நடுவில் அட்வான்ஸ். இப்படி ஒரு யூனிட்டைக் கற்பனைப் பெயர்களோடு உள்ளே ஏற்றினேன்.

மெஷினோடு இணைப்பு

வாசலில் மாட்டும் கைரேகை அல்லது முக அடையாள மெஷின் இதோடு வராது. தனியாக வாங்க வேண்டும். இசட்கே வகை மெஷின்களிலிருந்து பதிவுகளை இழுத்துவர ஒரு சிறிய பைத்தான் நிரலை ஃப்ராப்பே தனியே தருகிறது. அது வாசல் மெஷின் இருக்கும் அதே நெட்வொர்க்கில் ஒரு கணினியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இழுப்பது என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் உண்டு. சர்வருக்குப் போவது ஆளின் எண்ணும் நேரமும், எந்த மெஷின், உள்ளா வெளியா என்ற குறிப்புகளும் மட்டும்தான். ரேகையோ முகமோ மெஷினை விட்டு நகர்வதில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தொழிலாளியின் உடல் அடையாளம் எங்கெங்கே கிடக்கிறது என்பதற்கு முதலாளிதான் பதில் சொல்ல வேண்டியவர். குறைவாகச் சேர்த்தால் குறைவாகப் பதில் சொன்னால் போதும்.

ரேகையா, முகமா? சாயத்திலும் பிளீச்சிங்கிலும் கை ஊறும் இடங்களில் ரேகை தேய்ந்துவிடும். பஞ்சுத் தூசி கண்ணாடியில் படிந்துகொண்டே இருக்கும். அங்கெல்லாம் முகம் பார்க்கும் மெஷின் மேல். இரண்டும் படியாதவருக்கு அட்டை கொடுத்துவிடுவது நல்லது.

ஷிப்ட் டைப்: இங்கேதான் கூலி தீர்மானமாகிறது

மென்பொருளின் உயிர்நாடி 'ஷிப்ட் டைப்' என்ற ஒரு பக்கம். ஷிப்ட் தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை மணி நேரத்துக்குக் கீழே போனால் அரைநாள், எத்தனைக்குக் கீழே ஆப்சென்ட் என்று எல்லாமே அங்கேதான். பார்க்க வெறும் படிவம். உண்மையில் அது கம்பெனியின் கூலிக் கொள்கை.

ஷிப்ட் முடிந்து எத்தனை நிமிடம் வரை வெளியேறும் பதிவை ஏற்கலாம் என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. நாம் தொடாவிட்டால் 60 நிமிடம் என்று நிற்கும். 5:30-க்கு முடியும் ஷிப்டுக்கு 6:30 வரை. ஒன்றரை ஷிப்ட் பார்த்து 8:30-க்குக் கைவைக்கிறவரின் பதிவு அந்த எல்லைக்கு வெளியே விழுகிறது. ஆக, அந்த ஷிப்டில் அவருக்குக் காலைப் பதிவு ஒன்றுதான். ஒற்றைப் பதிவுக்கு வேலை நேரம் பூஜ்யம். ஆப்சென்ட் வரம்பை இரண்டு மணி நேரம் என்று வைத்திருந்தால், அன்று எல்லோரையும்விட அதிகம் உழைத்தவர் ஆப்சென்ட்.

மென்பொருள் சொன்னதைத்தான் செய்கிறது. ஆனால் மும்பையிலோ பெங்களூரிலோ ஓர் அலுவலகத்தை மனதில் வைத்து நிறுத்திய எண் அது. எல்லையை 240 நிமிடமாக விரித்ததும் கணக்கு சரியானது. நைட் ஷிப்டும் ஓடும் இடத்தில் இப்படி விரிக்கும்போது ஒரு ஷிப்டின் வால் அடுத்ததன் தலையில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல வேளையாக, எல்லைக்கு வெளியே விழுந்த பதிவு அழிந்துபோவதில்லை. 'எம்ப்ளாயி செக்-இன்' பட்டியலில் ஷிப்ட் இடம் காலியாகக் கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை அந்தக் காலி இடங்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், விடுபட்டவர்கள் வரிசையாகத் தெரிவார்கள். இந்த வடிகட்டலைச் செய்யாமல் சம்பளம் போடக் கூடாது.

வேலை நேரத்தைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. முதல் பதிவுக்கும் கடைசிப் பதிவுக்கும் இடைவெளியை எடுப்பது ஒன்று. ஒவ்வொரு உள்-வெளி ஜோடியையும் கூட்டுவது இன்னொன்று. இரண்டாவது துல்லியமாகத் தோன்றும். ஆனால் பதிவுகளை மாறி மாறி உள், வெளி என்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில், ஒருவர் சந்தேகத்தில் இரண்டு முறை கைவைத்துவிட்டால் அன்றைய வரிசை முழுதும் தலைகீழாகிவிடும். டீக்குப் போகிறவர்களைத் துரத்துவதைவிட முதல் வழியே உத்தமம்.

கரண்ட் போனால்?

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், 'லாஸ்ட் சிங்க் ஆஃப் செக்-இன்'. மெஷினிலிருந்து கடைசியாகப் பதிவுகள் முழுமையாக வந்து சேர்ந்த நேரத்தை அது வைத்திருக்கிறது. அந்த நேரத்துக்கு முன்பு முடிந்த ஷிப்டுகளுக்கு மட்டுமே தானாக வருகை போடும். நெட் போயிருக்கிறது, மெஷின் பேசவில்லை என்றால், பதிவு வராதவர்களை ஆப்சென்ட் என்று அவசரப்பட்டு எழுதாது, காத்திருக்கும். வரவில்லை என்பதையும் தகவல் வரவில்லை என்பதையும் பிரித்துப் பார்க்கிற புத்தி பல மேஸ்திரிகளுக்கே கிடையாது.

அதே நியாயம் சம்பள அமைப்பில் இல்லை. அங்கே 'குறிக்கப்படாத நாளை எப்படிக் கொள்வது' என்று ஒரு தேர்வு. பிரசென்ட் அல்லது ஆப்சென்ட். 'விசாரி' என்று மூன்றாவது தேர்வு ஒன்று இருந்திருக்கலாம்.

தாமதத்துக்கு வெட்டு

சந்தையில் இருக்கும் பல செயலிகளில் 'மூன்று லேட் என்றால் அரைநாள் வெட்டு' என்று ஒரு பொத்தான் இருக்கும். ஃப்ராப்பேயில் சலுகை நிமிடங்களைத் தாண்டி வந்தால் தாமதம் என்று அடையாளம் மட்டும் விழுகிறது, கூலியைத் தொடுவதில்லை. இது குறையல்ல, நிறை. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்து இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பு வரை விதி ஒன்றுதான்: எவ்வளவு நேரம் வேலையில் இல்லையோ, அந்த விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. பத்து நிமிடத் தாமதம் மூன்றுக்கு நான்கு மணி நேரக் கூலியைப் பிடிப்பது அந்த விகிதத்தில் அடங்காது. பொத்தான் இருப்பதாலேயே அது சட்டமாகிவிடாது.

கூலிக் கணக்கு

வாரச் சம்பளம் இதில் எளிது. மாதம், இரு வாரம், வாரம், நாள் என்று எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஊதியக் கூறுகளுக்கு சூத்திரம் எழுதலாம். அட்வான்ஸ் கொடுத்ததைப் பதிந்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

ஒன்றரை ஷிப்டுக்கு என்ன சூத்திரம் எழுதுவது என்பதில்தான் நெருடல். ஒரு ஷிப்டுக்கு 560 ரூபாய் என்றால், இடைவேளை போக எட்டு மணி நேரத்துக்கு, மணிக்கு 70. வழக்கப்படி ஒன்றரை ஷிப்டுக்கு 840. முன்பிருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் 59-ஆம் பிரிவு மிகை நேரத்துக்கு இரட்டிப்பு விகிதம் கேட்டது; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே கேட்கிறது. 5:30 முதல் 8:30 வரையிலான மூன்று மணி நேரத்துக்கு அப்படிப் பார்த்தால் 980. வித்தியாசம் ஒரு நாளைக்கு 140 ரூபாய். நோட்டில் 'ஒன்றரை' என்று எழுதும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாது. மென்பொருளில் மடங்கு எவ்வளவு என்று ஒரு எண்ணைத் தட்டியாக வேண்டும்; தட்டியவர் பெயரும் பதிவாகும்.

பீஸ் ரேட்டில் மென்பொருள் தடுமாறுகிறது. பண்டல் சீட்டிலிருந்து எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், என்ன ரேட் என்று ஏற்ற ஆயத்தமான இடம் இல்லை. வாரத் தொகையை வெளியே கூட்டி, 'அடிஷனல் சேலரி' என்ற வழியாக எக்செல் பட்டியலாக ஏற்றினேன். தொகை சரியாக வந்தது. ஆனால் சம்பளச் சீட்டில் மொத்தம் மட்டும்தான் தெரியும். டெய்லர் சண்டை போடுவது மொத்தத்துக்காக அல்ல, எந்த பண்டல் விட்டுப்போனது என்பதற்காக. அதற்குத் தனிப் படிவம் ஒன்றை நாமே உருவாக்க வேண்டும். உருவாக்க முடியும், ஆனால் வேலை.

பிஎஃப், இஎஸ்ஐ

இரண்டையும் சூத்திரமாக எழுதிவிடலாம். இஎஸ்ஐ-க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், 2019 ஜூலை முதல் இந்த விகிதம். பங்களிப்பை அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். வாரச் சம்பளக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும். வாரம் 4,310 ரூபாய் வாங்குகிறவருக்கு வாராவாரம் ஏற்றிப் பிடித்தால் 33 வீதம் நான்கு வாரத்துக்கு 132. நான்கு வாரத்தையும் மாதக் கணக்காகச் சேர்த்துப் பார்த்தால் 17,240-க்கு 130 தான். இரண்டு ரூபாய் அதிகமாகப் பிடித்தாயிற்று. மாதத்தின் கடைசி வாரத்தில் நேர்செய்யும்படி சூத்திரத்தை அமைக்க வேண்டும்.

பிஎஃப் பிடித்தத்துக்கு அறிக்கை கிடைக்கிறது. ஆனால் பிஎஃப் இணையதளத்தில் ஏற்றும் இசிஆர் என்ற மாதக் கணக்கு உரைக்கோப்பை நாம்தான் அதிலிருந்து தயாரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பில் பங்களிப்பில்லாத நாட்கள் என்று ஒரு கட்டம் உண்டு. வாசலில் தவறிய ஒரு பதிவு அந்தக் கட்டம் வரை போய்ச் சேரும்.

பதிவேடும் திருத்தமும்

சமர்ப்பித்த எந்தப் பதிவையும் அதன் மேலேயே திருத்த முடியாது. ரத்து செய்து, புதிதாகப் போட வேண்டும். பழையது ரத்து என்ற முத்திரையோடு கிடக்கும், திருத்தியதன் எண்ணில் வால் ஒன்று சேரும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தச் சுவடு கட்டாயம் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. வருகைக்கும் கூலிக்கும் அதே ஒழுங்கை இது தானாகவே தருகிறது. ஒரு எச்சரிக்கை: சர்வரின் முழுச் சாவி வைத்திருப்பவர் நினைத்தால் எதையும் மாற்றலாம். சம்பளம் போடுகிறவரிடமே அந்தச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

தொழிலாளி தன் பதிவுகளையும் சம்பளச் சீட்டையும் கைபேசியில் பார்க்கலாம். தமிழ் இடைமுகம் உண்டு. பாதியில் ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். சீட்டின் அச்சு வடிவத்தை மட்டும் முழுத் தமிழில் நாமே அமைத்துக்கொள்ளலாம். செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

தீர்ப்பு

நிறை: இலவசம், திருத்தச் சுவடு, தகவல் வராததை ஆப்சென்ட் ஆக்காத நிதானம், உடல் அடையாளத்தைச் சேர்க்காத அடக்கம்.

குறை: பீஸ் ரேட்டுக்கு இடமில்லை, அரசுக் கோப்புகளுக்குக் கூடுதல் உழைப்பு, லினக்ஸ் ஆள் தேவை, நம் ஊர் ஷிப்டுக்குப் பொருந்தாத முன்னிருப்பு எண்கள்.

பத்து மெஷின் பவர் டேபிள் வைத்திருப்பவருக்கு இது வேண்டாம்; ஒழுங்காக எழுதிய நோட்டு போதும். ஐம்பது பேருக்கு மேல் இருந்து, கணினி தெரிந்த ஒருவரும் இருந்தால் தாராளமாக இறங்கலாம். வெளியேறும் நேர எல்லையை விரியுங்கள். முதல்-கடைசிப் பதிவு முறையை வையுங்கள். ஆப்சென்ட் வரம்பைக் காலியாக விடுங்கள். ஒற்றைப் பதிவை மேஸ்திரி கேட்டறிந்து தீர்க்கட்டும். வெள்ளிக்கிழமை மதியமே வாரத்தின் வருகைப் பட்டியலை அச்சடித்து வாசலில் ஒட்டுங்கள். விடுபட்டவர் வந்து சொல்வார், சனிக்கிழமைக்குள் சரியாகும். பட்டியலை ஒட்டத் தயங்குகிற கம்பெனிக்கு இதைவிட விலையுயர்ந்த மென்பொருளும் உதவாது.