பட்டங்களை அடுக்கினால் கட்டுரை ஆகுமா?

தனிநாயகம் அடிகளைப் பற்றிப் படிவம் ஐந்து மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ரோமில் முனைவர், அண்ணாமலையில் எம்.ஏ., எம்.லிட்., லண்டனில் மறுபடியும் முனைவர் என்று பட்டியல் சரியாகவே இருக்கிறது. அங்கெல்லாம் போய் எதை ஆராய்ந்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் தயாரித்துக் கொடுத்த குறிப்பும் அப்படித்தான் இருந்தது.

1950களில் லண்டனில் அவர் எடுத்துக்கொண்டது பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை. அந்தக் காலத்தில் மக்களுக்குக் கற்பித்தவர்கள் யார் என்று கேட்டார். ஊர் ஊராகப் போன பாணரும் கூத்தரும் புலவரும் அவருக்கு ஆசிரியர்களாகத் தெரிந்தார்கள். இன்று ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடு கல்வியை எப்படி அளக்கிறது? பள்ளியில் படித்த ஆண்டுகளை எண்ணித்தான். அந்தக் கணக்கில் பாணனுக்கு இடமில்லை. என் பாட்டிக்கும் இல்லை. பால்மரம் வெட்டியவர், பள்ளிக்குப் போனது இரண்டே வருஷம். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முதலில் கதையும் பாட்டும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இந்தக் கோணத்தைப் பிடித்த மாணவர் ஒருவராவது இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

அண்ணாமலை ஆய்விலிருந்து வந்த ஆங்கில நூல், சங்கக் கவிதையின் இயற்கையைக் கிரேக்க, லத்தீன், வடமொழிக் கவிதைகளோடு வைத்துப் பார்க்கிறது. சில இடங்களில் தராசு தமிழ்ப் பக்கம் சீக்கிரமே சாய்ந்துவிடுகிறது என்பது என் கருத்து. ஆனாலும் தமிழ் தெரியாதவரும் படித்துவிட்டு வாதாடலாம், மறுக்கலாம். வெறும் புகழுரையில் அதற்கு வழி இல்லை.

"டீச்சர், தமிழ் படிச்சிட்டு வெளிநாட்டுல பிஎச்டி செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். அடிகள் அண்ணாமலையில் சேர்ந்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். அதற்கு முன் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே தமிழிலக்கியம் கற்றார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். சுங்கை வேயிலிருந்து ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறினால் கொஞ்ச தூரம்தான். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்த கதை எல்லாருக்கும் மனப்பாடம், அதை விடுங்கள்.

அடுத்த முறை பட்டங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுங்கள். மீதிப் பக்கத்தில் அந்தப் பாணனைப் பற்றி எழுதுங்கள்.