பிறப்பிடம் இல்லாத ஒலி: ஸோஃபியின் ஆல்பத்தை முன்வைத்து

எம்.ஏ.யில் பிறப்பியலை மனப்பாடம் பண்ணித் தேர்வு எழுதியவன் நான். எழுத்தொலி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் இப்போதும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். உந்தியிலிருந்து காற்று கிளம்பும். தலை, மிடறு, நெஞ்சு என்று மூன்று இடங்களில் நிலைகொள்ளும். பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றையும் சேர்த்து எட்டின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகும். ஒலி என்றால் அதற்கு முன்னால் ஓர் உடல் இருந்தாக வேண்டும் என்பது இப்படியாக என் காதில் ஏறிவிட்ட பாடம். ஸோஃபியின் பாடல்களை முதலில் கேட்டபோது நான் தப்புப் பண்ணியது இந்தப் பாடத்தால்தான்.

ஸோஃபி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1986இல் பிறந்த மின்னணு இசைக் கலைஞர். ‘பிப்’ (2013), ‘லெமனேட்’ (2014) என்ற தனிப்பாடல்களை ‘நம்பர்ஸ்’ என்னும் சிறிய நிறுவனம் வெளியிட்டபோது கேட்பவருக்கு முகம் கிடையாது. கேட்டதெல்லாம் சுருதி ஏற்றப்பட்ட சிறுமிக் குரல். அதன் பின்னால் உட்கார்ந்திருப்பது ஓர் ஆண் என்று பேசிக்கொண்டார்கள். பெண்மையை ஓர் ஆண் அபகரித்துப் பண்டமாக்குகிறான் என்று மேற்கத்திய விமர்சகர்கள் சிலர் எழுதினார்கள். 2015இல் ‘லெமனேட்’ மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் ஒலித்தது. எனக்கு வேறு ருசு தேவைப்படவில்லை. நண்பர்கள் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில், ‘இது பண்டத்தின் குரல், ஆகவே ஆணின் குரல்’ என்று அடித்துப் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

2017 அக்டோபரில் ‘இட்ஸ் ஓகே டு க்ரை’ காணொளி வந்தது. பின்னால் வானம் நிறம் மாறிக்கொண்டே இருக்க, ஸோஃபி தன் முகத்தோடு, திறந்த தோள்களோடு, தன் குரலிலேயே பாடுகிறார். அவர் திருநங்கை என்பது பொதுவெளியில் தெரியவந்தது. என் தீர்ப்பு பொத்தென்று விழுந்தது.

‘அவர்’ என்று எழுதுகிறேன். பால் காட்டும் சுட்டுப்பெயர் எதையும் ஸோஃபி விரும்பியதில்லை என்று அவர் இறந்தபின் அவர் தரப்பில் சொன்னார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் தடுமாறின. நமக்கு ‘அவர்’ இருக்கிறது, பிழைத்தோம். இதைத் தமிழின் பெருமையாக்கிவிட வேண்டாம். ஆண்மை திரிந்த பெயருக்கும் தெய்வத்தின் பெயருக்கும் தமக்கென்று பால் ஈறு இல்லை, உயர்திணையின் மற்ற ஈறுகளைக் கொண்டே அவை ஒலிக்கும் என்று கிளவியாக்கத்தின் 4ஆம் நூற்பா இரண்டையும் சேர்த்தே வகுக்கிறது. ஈறு இல்லாதது தெய்வத்துக்குக் குறையாகவில்லை. மற்றவருக்கு மட்டும் அது எப்படிக் குறையாயிற்று என்று எந்த வகுப்பிலும் நாங்கள் கேட்டதில்லை, கேட்கவைக்கப்படவும் இல்லை.

2018 ஜூனில் ஆல்பம் வந்தது: ‘ஆயில் ஆஃப் எவ்ரி பேர்ல்ஸ் அன்-இன்சைட்ஸ்’. 9 பாடல்கள், ஏறக்குறைய 40 நிமிடம். வாசித்தால் அர்த்தம் கூடாத தலைப்பு. வேகமாகச் சொல்லிப் பார்த்தால் ஒவ்வொருவரின் உள்ளையும் நேசிக்கிறேன் என்று ஆங்கிலக் காதில் விழும். மறைந்திருந்தவர் வெளியே வந்தார், தன் நிஜக்குரலைக் கண்டடைந்தார் என்று தாராளவாதப் பத்திரிகைகள் ஒரு கதையாடலைத் தயாராக வைத்திருந்தன. ஃபூக்கோவை வாசித்தவர்களுக்கு இந்த வாக்குமூல இயந்திரம் பழக்கமானது: உன் பாலியல் உண்மையைச் சொல், சொன்னால் உன்னை மனுஷராக ஏற்றுக்கொள்கிறோம். ஆல்பத்தைக் கேட்டால் இந்தக் கதை சீக்கிரமே உடைகிறது. முதல் பாட்டில் அப்படி முன்னால் வந்து நின்ற குரல் பிறகு ஒதுங்கிக்கொள்கிறது. ‘பானிபாய்’ இரும்பை நசுக்கும் சத்தமாக வருகிறது. அதற்கப்புறம் முக்கியமான பாடல்களைப் பாடுபவர் கனடாவின் செஸில் பிலீவ். நிஜக்குரலைக் கண்டடைந்தவர் அதை ஓரமாக வைத்துவிட்டு இன்னொருத்தியைப் பாடச் சொல்வாரா?

ஸோஃபியின் வேலைமுறையைப் பார்த்தால் இது விளங்கும். வேறு எங்கிருந்தோ ஒலித்துணுக்குகளை வெட்டி ஒட்டுவதை அவர் ஒதுக்கினார். எலெக்ட்ரான் மோனோமெஷின் போன்ற சிந்தசைஸரில், மூல அலைவடிவத்திலிருந்தே ஒவ்வொரு ஒலியையும் கட்டினார். பலூன் உரசுவது, ரப்பர் இழுபட்டு விடுபடுவது, தகரம் மடங்குவது, சோடா நுரைப்பது எல்லாம் கேட்கிறது. பலூனும் கிடையாது, தகரமும் கிடையாது. அலை எழும் வேகம், அடங்கும் வேகம், சுருதி சரியும் விதம் இவற்றைத் திருகித் திருகியே ஒரு பொருளின் கனத்தையும் இழுவையையும் காதுக்கு உண்டாக்கிவிடுகிறார். எட்டு உறுப்புக்கும் இங்கே வேலை இல்லை. ஒலி முதலில் வருகிறது, அதற்கேற்ற உடல் பின்னால் வருகிறது. ‘செயற்கை’ என்று நான் வசவாக வீசிய சொல்லை அவர் வாழுமிடமாக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்னும் ஒரு சண்டை பாக்கி இருந்தது. ‘ஃபேஸ்ஷாப்பிங்’கில் முகமே சரக்கு, சந்தையின் பாஷையிலேயே பேசும் பாட்டு, கத்தி இறங்குவதுபோல் தாளம், நடுவில் திடீரென்று ஒரு காதல்பாட்டுத் துண்டு. மெக்டொனால்ட்ஸுக்குப் பாட்டுக் கொடுத்த கை எழுதியது என்பதால் இதை நம்புகிறேன். ‘இம்மெட்டீரியல்’ அப்படி இல்லை. 1985இல் ஹிட்டான மடோனாவின் ‘மெட்டீரியல் கேர்ள்’ தலைப்பைக் கவிழ்த்துப் போட்டு, உடம்பை, ரத்தத்தை, பெயரைக் கழற்றிக் கழற்றி வைத்துவிட்டு, விரும்பியபடி ஆகலாம் என்று ஆடவைக்கிறது. விரும்பியபடி ஆகலாம் என்றுதான் ஷாம்பு கம்பெனியும் சொல்கிறான். ஹார்மோனுக்குக் காசு, அறுவைக்குக் காசு. ஸோஃபியின் பிரிட்டனில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கே மருத்துவ அறிக்கை வேண்டும். பொருளைக் கழற்றி வைக்க எல்லாராலும் முடியுமா?

இதை ஒரு திருநங்கைத் தோழியிடம் சொன்னேன். பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, ‘காசு ஆகும்னு எங்களுக்கே சொல்லித் தர்றீங்களா தோழர்? நாலு நிமிஷம் அதை மறந்துட்டு ஆடக்கூடாதா?’ என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் வரிசையை மறுபடி கேட்டேன். ‘இம்மெட்டீரியல்’ 8ஆவது பாட்டு. அதற்கு முன்னால் ‘ப்ரிடெண்டிங்’ என்று ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒன்று. அதில் தாளமில்லை, சொல் துலங்கவில்லை, உருக்கொள்ள முடியாத ஏதோ ஒன்று புரண்டுகொண்டே இருக்கிறது. முதல் தடவைகளில் அதைத் தாண்டிவிட்டுப் போயிருக்கிறேன். சந்தோஷத்துக்கான செலவுக் கணக்கு அங்கே இருந்தது, நான்தான் கேட்கவில்லை.

2021 ஜனவரி 30 அதிகாலை, ஏதென்ஸில், முழுநிலவைப் பார்க்க உயரத்தில் ஏறியபோது தவறி விழுந்து ஸோஃபி இறந்தார். வயது 34. பாதியில் நின்றவற்றைச் சகோதரர் பென்னி லாங் முடித்து 2024 செப்டம்பரில் ‘ஸோஃபி’ என்ற பெயரிலேயே வெளியிட்டார். கேட்டேன். ஒலிகள் இருக்கின்றன, அந்தத் திருகல் பல இடங்களில் இல்லை. பிறப்பிடமே இல்லாத ஒலி என்று நான் ஏகத்துக்குப் பேசிக்கொண்டிருந்ததற்கும் ஒரு கை, ஒரு காது இருந்திருக்கிறது. பிறப்பியலின் எட்டில் கை இல்லை.

அன்று கைதட்டியவர்களில் இரண்டு பேரிடம் என் தப்பை நேரில் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் இதை வாசித்துக்கொள்ளட்டும்.