தகுதி: குறளின் பொருளும் குபெர்டினோ விதியும்

திருக்குறளின் 12ஆம் அதிகாரம் ‘நடுவு நிலைமை’. அதன் முதற்குறள் (111) அவ்வறத்தைத் ‘தகுதி’ என்னும் சொல்லாற் சுட்டுகிறது. பரிமேலழகரும் அச்சொல்லுக்கு நடுவு நிலைமை என்றே பொருள் கொண்டு, பகைவர், அயலார், நண்பர் என்னும் முத்திறத்தாரிடத்தும் முறை வழுவாமையை அதன் இலக்கணமாக்குவார். 114ஆம் குறளின் ‘தக்கார்’, ‘தகவிலர்’ என்பனவும் இப்பொருளனவே. ஆக, குறளில் தகுதி அளப்பவர்க்கு உரிய பண்பு.

இக்கால வழக்கிலோ அஃது அளக்கப்படுபவர்க்கு உரியதாயிற்று. ‘கல்வித் தகுதி’, ‘தகுதித் தேர்வு’ என்பன சான்று. பொருள்மாற்றம் மொழிக்கு இயல்பே. எனினும் ‘தகுதி ஒன்றே அளவுகோல்’ என்று வாதிடும்போது, அளப்பவரின் தகுதி வினவப்படாது மறைகிறது.

தமிழர் பலர் பணியாற்றும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் இவ்வினா சட்டத்தின் வழியே எழுந்தது. 2020 ஜூனில் கலிபோர்னிய அரசுத் துறையொன்று, சாதிப் பாகுபாடு எனக் குற்றஞ்சாட்டிச் சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில், குபெர்டினோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிள் நிறுவனம், பாகுபாடு காட்டலாகாத கூறுகளுள் சாதியையும் தன் பணியாளர் நடத்தை விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது. இவ்விதி பணியாளரின் திறனை அளப்பதன்று. மேலாளரின் நடுவு நிலைமையை வேண்டுவது. பொருளைத் தூக்குமுன் துலாக்கோல் தான் சமனாதல் வேண்டும் என்னும் 118ஆம் குறளின் கருத்தும் இதுவே. தகுதி பற்றிய இன்றைய வாதங்கள் மீட்டெடுக்க வேண்டியது இப்பழம்பொருளையே.