கைவிடலும் தள்ளலும்: விவிலியத்தின் இரு சொற்களும் திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளரும்

விவிலியத்தில் ஒதுக்கப்படுதல் பற்றி வரும் பகுதிகளைத் தனிமனித ஆன்மாவின் சோதனையாக மட்டும் விளக்குவது மறையுரைகளில் நிலைபெற்ற வழக்கமாகும். அவ்விளக்கம் நூலிலேயே காணப்படும் முக்கியமான வேறுபாடொன்றை மறைத்துவிடுகின்றது என நாம் கருதுகின்றோம். திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கையில் அவ்வேறுபாடு தெளிவாகின்றது.

22ஆம் சங்கீதத்தின் தொடக்கக் கதறல் தமிழிற் 'கைவிடுதல்' என்னும் சொல்லால் வழங்குகின்றது. 118ஆம் சங்கீதத்தின் கல்லோ 'தள்ளப்பட்டது'. பற்றியிருந்த கைதான் விடமுடியும். ஆகவே கைவிடுதலுக்கு முன்னுறவொன்று வேண்டும். தள்ளுதலுக்கு உறவு வேண்டியதில்லை, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் போதும். தள்ளியோர் வீடு கட்டுவோர் என்பதைப் பாடல் வெளிப்படையாகவே கூறுகின்றது. மாற்கு 12ஆம் அதிகாரத்தில் இயேசு இக்கல்லைக் குறிப்பிடுவதும் எருசலேம் ஆலயத்தின் அதிகாரிகளை முன்னிறுத்தியே.

சிலுவைக் கதறல் மாற்கிலும் மத்தேயுவிலும் மட்டுமே உண்டு. லூக்காவும் யோவானும் அதனை விடுத்து அமைதியான வேறு வாக்குகளைத் தருகின்றனர். கதறலின் கூர்மையை மழுக்கும் போக்கு நற்செய்தி நூல்களுக்குள்ளேயே தொடங்கிவிட்டது எனலாம். பெரிய வெள்ளியன்று ஏழு வாக்குகளையும் ஒருங்கே தியானிக்கும் மரபு அம்முரண்பாட்டை முற்றாகக் கரைத்துவிடுகின்றது. சங்கீதம் ஏழைகள் உண்டு நிறைவடைவதைக் கூறி முடிகின்றது, ஆகவே கதறலும் நம்பிக்கையே என வாதிடுவோர் உளர். மாற்கு அம்முடிவுவரை செல்லவில்லை என்பதை அவர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்தது தேசிய இறைமையின் வெற்றியே. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் ஏறத்தாழ 400 தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்கள் கிறித்தவர் என்பது எமது வாதமன்று. உழைப்பை வாங்கிய உறவு முன்னரே இருந்தமையால் ஏகாதிபத்தியம் அவர்களைக் கைவிட்டது என்றே கூறவேண்டும். அவர்களைப் பொலன்னறுவைப் பகுதியிற் குடியேற்ற அரசு எண்ணியபோது அங்குள்ள சிங்கள மக்களிடையே கடும் எதிர்ப்புக் கிளர்ந்தது. 1958 மே மாத இன வன்செயலுக்கு முன்னோடியான பதற்றங்களுள் அதுவும் ஒன்றாகும். இது தள்ளுதல். எதிர்த்து நின்ற உழவரை மட்டும் இதற்குப் பொறுப்பாக்குதல் பொருந்தாது. எந்நிலம் எவ்வினத்தவர்க்கு உரியதென வகுத்த கட்டுவோர் அவர்களுக்கு மேலே இருந்தனர்.

அக்கட்டுவோரைப் பேரினவாதிகள் என்று மட்டும் கூறி அமைவது எமக்கு வசதியானது. மொழிச் சமத்துவத்தை உறுதியுடன் வலியுறுத்திய லங்கா சமசமாஜக் கட்சி 1964இற் கூட்டரசாங்கத்தில் இணைந்து அக்கொள்கையைத் துறந்தது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1972ஆம் ஆண்டின் யாப்பை உருவாக்கும் பொறுப்பில் இருந்தவரும் அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வாவே. இடதுசாரிகளுக்கும் தமிழ்த் தொழிலாளருக்குமிடையே முன்னுறவு இருந்தது. இங்குப் பொருந்துவது முதற்சொல்லே.