பதம் புரியாமல் கதகளி பார்ப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்து மீனாட்சிபுரத் தமிழர்களுக்குக் கதகளி அதிகத் தொலைவில் இல்லை. கதகளியின் கல்லுவழிப் பாணிக்குப் பெயர்போன வெள்ளிநேழி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் விடிய விடிய நடக்கும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டால், "பதம் புரியாதே" என்று நம்மவர்கள் நழுவிவிடுவார்கள். ஆட்டத்தின்போது பாடப்படும், சமஸ்கிருதம் மண்டிய அந்தப் பதங்கள் மலையாளிகளுக்கே முழுக்கப் புரிகின்றனவா என்பது வேறு விஷயம்.

புரியாமலே பார்க்கலாம். அதற்கு ஓர் ஆய்வின் துணையும் உண்டு. இந்திய நடனம் பயின்ற உளவியலாளர் அகல்யா ஹெஜ்மாடி, மூளை ஆய்வாளர் ரிச்சர்ட் டேவிட்சன், உளவியலாளர் பால் ரோசின் மூவரும் சேர்ந்து செய்து 2000இல் வெளியிட்டது அது. நாட்டிய சாஸ்திர மரபின் ஒன்பது உணர்ச்சிகளோடு வெட்கத்தையும் சேர்த்துப் பத்து பாவங்களைப் படம்பிடித்து, இந்தியர்களிடமும் அமெரிக்கர்களிடமும் காட்டினார்கள். வெறும் ஊகத்தில் சொன்னால் ஏறக்குறைய பத்துக்கு ஒன்றுதான் சரியாக வரவேண்டும். இரு நாட்டவருமே பத்துக்கு ஆறுக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். பெரும்பாலும் அசையாத புகைப்படங்களை வைத்தே முகபாவத்தை ஆராய்ந்து பழகியிருந்த துறையில், இவர்கள் முகமும் உடலும் கைகளும் அசையும் காட்சிகளைக் காட்டினார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதுதான்.

இதே சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். கதைச்சுருக்கத்தைப் படிக்காமல் போய், முகம் தெளிவாகத் தெரியும்படி விளக்குக்கு அருகே உட்காருங்கள். முதலில் மினுக்கு வேஷம்: ஒப்பனை குறைவு, கன்னத்து அசைவுகூடத் தெரியும். பிறகு முகத்தில் பச்சை பூசிய பச்சை வேஷம். அரிசிமாவுப் பசையில் கட்டிய வெள்ளைச் சுட்டி முகத்துக்குச் சட்டம் போட்டதுபோல நிற்கும். சுண்டப்பூ இட்டுச் சிவக்கவைத்த கண் எங்கே திரும்பினாலும் தெரியும். சிவப்புத் தாடியைக் கடைசிக்கு வையுங்கள், அதில் முகம் பாதி மறைந்துவிடும்.

காத்திருந்து பார்க்க வேண்டியது இளகியாட்டம். பாட்டு நின்றுவிடும், செண்டை, மத்தளம் முதலிய வாத்தியங்கள் மட்டும் தொடரும். 'கல்யாணசௌகந்திகம்' கதையில் பீமன் காட்டில் ஒரு காட்சியைக் காண்கிறான்: யானையின் காலை மலைப்பாம்பு கவ்வியிருக்க, சிங்கம் வந்து மத்தகத்தில் அறைகிறது. பாம்பு, யானை, சிங்கம், அதையெல்லாம் பார்த்து நிற்கும் பீமன், எல்லாமே அந்த ஒரே நடிகர். யானையின் வலி எந்தக் கணத்தில் சிங்கத்தின் சீற்றமாக மாறுகிறது? புருவத்தைப் பாருங்கள், பிறகு கீழிமையை. மனதுக்குள் உணர்ச்சியின் பெயரைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் மகிழ்ந்துபோய் முழுக் கதையையும் சொல்லிவிடுவார், ஜாக்கிரதை.

கைமுத்திரைகளுக்கு மட்டும் இந்த வழி செல்லாது. அவை கற்றுக்கொள்ள வேண்டிய மொழி, ஊகத்தில் பிடிபடாது. முதல் தடவை பார்க்கும்போது கையை விட்டுவிட்டு முகத்தையே பாருங்கள்.